பார்வையாளர் மாடத்தில் என் கணவர்

1

போன மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம், இந்த ஊர் நாடாளுமன்றத்தின் பார்வையாளர் மாடத்திலிருந்து என் கணவரை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. இரண்டு காவலர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று, "சார், தயவுசெய்து" என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். ஆனால் கடல் தாண்டும்போது சேதி வேறு உருவம் எடுத்துவிடுகிறது. அம்பத்தூரிலிருந்து என் நாத்தனார் டெலிபோன் பூத்தில் நின்றுகொண்டு, "அண்ணன உள்ள வச்சிட்டாங்களாமே அண்ணி" என்று அழுதாள். மீட்டர் ஓடுகிற பயத்தில் அழுகையைக்கூட வேகவேகமாக அழுதாள்.

அதனால் நானே எழுதிவிடுகிறேன். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வாசலில் அவர் பேசியதைக் கேட்டவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காவது நடந்தது நடந்தபடி தெரியட்டும்.

என் பெயர் லூர்து. நர்ஸ் படித்தவள். என் கணவர் சகாயராஜ் அம்பத்தூரில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குச் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். நாங்கள் நியூசிலாந்துக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. வெலிங்டனுக்கு வெளியே, மலைச்சரிவில் ஒரு மர வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஐந்து வயதில் தூக்கிக்கொண்டு வந்த எங்கள் மகள் நிர்மலாவுக்கு இப்போது பதினொன்று. அவளுடைய சிநேகிதிகள் போன் செய்து, "நிம் இருக்கிறாளா?" என்று கேட்பார்கள். முதல் தடவை, தப்பான நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

2

இந்த நாட்டுக்குள் வருவதற்குப் புள்ளிக் கணக்கு உண்டு. வயதுக்கு, படிப்புக்கு, அனுபவத்துக்கு என்று புள்ளி போடுவார்கள். என் நர்ஸ் சர்டிபிகேட்டுக்கு நல்ல புள்ளி கிடைத்தது. அவருடைய வேலைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வந்து இறங்கிய பிறகு, அதே சர்டிபிகேட்டைக் காட்டி நர்ஸ் வேலை கேட்டால் அது செல்லாது என்றார்கள். உள்ளே விடுகிற ஆபீசுக்கும் வேலை கொடுக்கிற ஆபீசுக்கும் சம்பந்தம் இல்லையாம். மறுபடி பரீட்சை எழுத வேண்டும். இரண்டு தடவை எழுதினேன். ஆங்கிலப் பேச்சுப் பகுதியில் இரண்டு தடவையும் நின்றுவிட்டது. முதியோர் இல்லத்தில் உதவியாளாக இருக்கிறேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கை மாற்றுவது. ஊசி போட எனக்கு அனுமதி கிடையாது. ஊசி போடுகிற பெண் என்னைவிடச் சின்னவள். சில நேரம் நரம்பு கிடைக்காமல் தடவிக்கொண்டிருப்பாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பேன்.

அவர் கதை இன்னும் மோசம். வேலைவாய்ப்பு ஆபீசில், ஊரில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். "அட்ஜஸ்டர்" என்றார். கம்பெனியில் அவருடைய வேலைக்கு அதுதான் பேர். ரிலே அட்ஜஸ்டர். அங்கே இருந்த அம்மாள் முகம் மலர்ந்து எதையோ தட்டச்சு செய்துகொண்டாள். அடுத்த வாரம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கோட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். அது இன்சூரன்ஸ் கம்பெனி. வீடு எரிந்தால், கார் மோதினால் நஷ்டத்தைக் கணக்குப் போடுகிறவனுக்கும் இங்கே அட்ஜஸ்டர் என்றுதான் பேராம். எதிரே இருந்தவர் மரியாதையாகச் சிரித்துக் கைகொடுத்து அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து எங்களிடம் சொன்னபோது அவரும் சிரித்தார். அதற்கப்புறம் எந்த நேர்முகத்துக்கும் போகவில்லை. விடியற்காலையில் ஒரு ரொட்டித் தொழிற்சாலைக்குப் போய் ரொட்டியைப் பையில் போடுகிறார். மத்தியானம் வந்துவிடுவார்.

வந்ததும் ரேடியோவைப் போடுவார். இங்கே நாடாளுமன்றம் கூடுகிற நாட்களில் பேச்சை அப்படியே ரேடியோவில் விடுகிறார்கள். குளிர்காலத்தில் கரண்ட் பில்லுக்குப் பயந்து ஹீட்டரை அணைத்துவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதைக் கேட்பார். பாதி புரியும், பாதி புரியாது. "ஏங்க, பாட்டு கேக்கலாம்ல?" என்பேன். "இரு, ஓட்டுக்கு விடப்போறாங்க" என்பார். யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் தெரியாது.

ஒரு காலத்தில் அவர் பேச ஆரம்பித்தால் ஷிப்டு முடிந்து போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் கேட்பார்கள். இங்கே அவர் ஒரு நாளைக்குப் பேசுவதை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். 'கதவைச் சாத்து', 'சாப்டியா', 'நான் வரேன்'.

3

ரிலே என்பது ஒரு சின்னச் சுவிட்சு. பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நீங்கள் நம்பரைச் சுழற்றினால், உங்கள் லைனை இன்னொருவர் லைனோடு சேர்த்துவிடுகிற வேலை அதனுடையது. ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். அம்பத்தூர்க் கம்பெனியில் பெண்கள் செம்புக் கம்பியைச் சுருளாக, காயிலாகச் சுற்றுவார்கள். அவரைப் போன்றவர்கள் அதன் மெல்லிய பட்டைகளை வளைத்து, சரியாகத் தொடும்படி வைப்பார்கள். மொத்தச் சரக்கும் அரசாங்கத்துக்குத்தான் போகும்.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. மனு போட்டு வருஷக்கணக்காக வரிசையில் இருந்தோம். ஊரையெல்லாம் பேச வைக்கிற சாமான் செய்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அடுத்த தெரு மளிகைக்கடை நம்பர்தான் சொந்த நம்பர்.

எண்பதுகளின் கடைசியில் ஆர்டர் குறைந்தது. அரசாங்கம் இனிமேல் எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சுதான் வாங்கப்போகிறது, ரிலேயே தேவைப்படாது என்று முதலாளி கூப்பிட்டுச் சொன்னார். அவரும் கலங்கித்தான் இருந்தார். அதோடு பவர் கட் வேறு. வாரத்தில் சில நாள் மெஷின் ஓடாது. ஆட்கள் ஷெட்டுக்கு வெளியே உட்கார்ந்து தாயம் ஆடுவார்கள். அந்த நாட்களில்தான் சங்கக் கூட்டம் நடக்கும்.

சங்கத் தலைவர் பொன்னுரங்கம் அண்ணன். கரையான்சாவடிக்காரர். தகடு வெட்டுகிற மெஷினில் வேலை. பருத்த உடம்பு, பெரிய குரல், உடம்பு முழுக்கச் சர்க்கரை. என் கணவர் செயலாளர். அண்ணன் சத்தம் போடுவார், இவர் விஷயத்தைப் பேசுவார். இருவரும் சேர்ந்தால் ஒரு ஆள் மாதிரி.

"பழசையே வாங்குங்கன்னு நாங்க கேக்கல" என்று என் கணவர் வாசலில் பேசியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "புதுசு வரட்டும். அதையும் நாங்களே செய்யறோம். கத்துக்குடுங்க. அதுவரைக்கும் ஆர்டரை ஒரேயடியா நிறுத்தாதீங்க. இவ்ளோதான்."

"இவ்ளோதான்! அத்த சொல்றதுக்கு டில்லி வரைக்கும் போவணும்னா போவோம்டா!" என்று பொன்னுரங்கம் அண்ணன் கத்தினார். அவர் பேச்சுவாக்கில் சொன்னதுதான். பிறகு அதுவே முடிவாகிவிட்டது.

4

யார் யாரையோ பிடித்து ஒரு எம்.பி.யின் சம்மதம் கிடைத்தது. எங்கள் தொகுதிக்காரர் இல்லை. நல்ல மனிதர், பெயர் வேண்டாம். ஒவ்வொரு இலாகாவின் வருஷச் செலவையும் சபையில் விவாதித்து ஓட்டுப் போடுவார்களாம். டெலிபோன் இலாகா வரும் அன்று எங்கள் கம்பெனியைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசுகிறேன் என்றார். மாடத்தில் உட்கார்ந்து பார்க்கப் பாஸும் வாங்கித் தருவதாகச் சொன்னார்.

பொன்னுரங்கம் அண்ணனும் என் கணவரும் போவதாக முடிவானது. அண்ணனுக்குத் தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட வேண்டும். தானாகப் போட்டுக்கொள்ள அவருக்குப் பயம். மெஷினில் விரல் போனபோது அழாதவர், ஊசியைக் கண்டால் கண்ணை இறுக்கிக்கொள்வார். அதனால் நானும் கிளம்பினேன். நிர்மலா அப்போது கைக்குழந்தை. அம்மாவிடம் விட்டுவிட்டு, பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு இன்சுலினை வைத்துக்கொண்டு ரயிலேறினேன். நாக்பூர் வெயிலில் அந்த ஐஸைக் காப்பாற்றியதுதான் என் டில்லிப் பயணம்.

நாடாளுமன்ற வாசலில் பிளாஸ்க், பை, பேனா, சீப்பு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். என் புடவை முந்தானையில் முடிந்திருந்த கற்கண்டைக்கூட விடவில்லை. பாஸ் கொஞ்ச நேரத்துக்குத்தான் செல்லும். எம்.பி.யின் உதவியாளர் கெஞ்சி நீட்டித்து வாங்கிக்கொண்டே இருந்தார்.

அன்று டெலிபோனுக்கு முன்னால் எரிசக்தி வந்தது. எந்த மாநிலத்துக்கு எவ்வளவு மின்சாரம், யார் ஊரில் அதிக இருட்டு என்று பேசினார்கள். முதலில் எங்களுக்கும் ஆர்வமாகத்தான் இருந்தது. நம் பவர் கட்டைப் பற்றியும் ஒருவர் சொன்னார். அண்ணன் என் பக்கம் சாய்ந்து, "நம்ம ஊட்டு கரண்ட பத்தி பேசறாம்மா" என்று கிசுகிசுத்தார். காவலர் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.

பேச்சு இழுத்துக்கொண்டே போனது. பிறகு டி.வி.யைப் பற்றித் தகராறு வந்தது. எந்த மொழிக்கு எவ்வளவு நேரம், யாருடைய மொழியில் செய்தி. நம் பக்கத்து உறுப்பினர்கள் எழுந்து நின்று வாதாடினார்கள். நல்ல பேச்சு. என் கணவரின் கைகள் தட்டுவதற்கு எழும்பி, விதி ஞாபகம் வந்து மடியில் விழுந்தன. எங்கள் எம்.பி. தன் இருக்கையில் ஒரு துண்டுச் சீட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஐந்து நிமிஷம் அந்தச் சீட்டில் இருந்தது.

அண்ணன் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. "வாங்கண்ணா, வெளிய போய் ரெண்டு வாழைப்பழமாவது சாப்பிடுங்க" என்று கெஞ்சினேன்.

"நான் எழுந்து போவ சொல்லோ நம்ம மேட்டரு வந்துட்டா இன்னா பண்றது? இரும்மா."

சாயங்காலம் அவருடைய சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. என்ன கேட்டாலும் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். சர்க்கரை இறங்கிவிட்டது என்று தெரிந்தது. நானும் ஒரு காவலருமாக அவரைத் தாங்கித் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்தோம். அந்தக் காவலர், ராஜஸ்தான்காரராக இருக்க வேண்டும், தனக்கு வைத்திருந்த டீயில் இன்னும் சர்க்கரையைக் கொட்டி அண்ணன் வாயில் ஊற்றினார். உள்ளேயிருந்து ஒரே குரலாகச் சத்தம் ஒன்று வந்தது. அடங்கியது. மறுபடி வந்தது. அடங்கியது.

கொஞ்ச நேரத்தில் என் கணவர் வெளியே வந்தார்.

"நம்மளுது வந்துச்சா?" என்றார் அண்ணன்.

"முடிஞ்சிருச்சு."

"பேசுனாரா?"

"யாருமே பேசலண்ணே. மீதி இருந்த இலாகா எல்லாத்தையும் ஒண்ணா சேத்து பாஸ் பண்ணிட்டாங்க."

எம்.பி. பின்னாலேயே வந்தார். அவர் முகமும் வாடியிருந்தது. நேரம் தீர்ந்தால், மீதியை விவாதமில்லாமல் ஓட்டுக்கு விட்டுவிடுவது வழக்கம் என்று விளக்கினார். "இதுக்கு கில்லட்டின்னு பேரு" என்றார்.

அண்ணன் டீ டம்ளரோடு நிமிர்ந்தார். "கில்லட்டினா? அது நம்மகிட்டயே கீதே சார். நான் ஓட்ற மெஷினே அதான். தகடு வெட்றது. இங்க இன்னாத்துக்கு அது?"

அவராகவே சிரித்தார். எம்.பி. அவர் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

திரும்பி வருகிற ரயிலில் என் கணவர் இரண்டு நாளும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை மட்டும் சொன்னார். "நான் எழுந்து ஒரு வார்த்த கத்தியிருக்கணும்."

"கத்தினா உள்ள போட்ருவான் நைனா" என்றார் அண்ணன்.

"போட்டிருந்தா பேப்பர்லயாவது வந்திருக்கும்ண்ணே. நாம இருக்கோம்னு நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கும்."

5

கம்பெனி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மூடியது. முதலில் காயில் சுற்றுகிற பெண்களை நிறுத்தினார்கள். பிறகு இரண்டாவது ஷிப்டு. ஒரு நாள் வாசலில் பூட்டும் ஒரு தாளும் தொங்கின.

வேலை இருந்தவரைக்கும் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு இன்சுலின் இலவசமாகக் கிடைத்தது. வேலை போய்ச் சில மாதத்தில் அட்டை செல்லாது என்றார்கள். அவர் வானகரத்தில் ஒரு மரக்கடையில் காவலுக்குச் சேர்ந்தார். கிடைத்ததில் வீட்டுக்கு அரிசி, மிச்சத்தில் மருந்து. மருந்தைப் பாதியாக்கினார். நான் டியூட்டி முடிந்து கரையான்சாவடிக்குப் போய் ஊசி போடுவேன்.

"அண்ணா, குப்பி ஒரு மாசமா அப்படியே இருக்கே?"

"ஒடம்பு நல்லா கீதும்மா. கம்மியாவே போதும்" என்பார்.

மரக்கடையில் ஒரு ஆணி காலில் ஏறியது. எங்கள் யாரிடமும் சொல்லாமல் துணி சுற்றிக்கொண்டு நடந்திருக்கிறார். நான் பிரித்துப் பார்த்தபோது நாற்றம் வந்துவிட்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை. பிறகு முழங்கால் வரைக்கும். கடைசியாகப் பார்க்கப் போனபோது, "கில்லட்டின் நம்மள உடமாட்டேங்குது பாரு லூர்து" என்றார். சிரிக்கச் சொல்லித்தான் சொன்னார். என்னால் முடியவில்லை. என் கணவர் வார்டை விட்டு வெளியே போய்விட்டார்.

சாவு ஊர்வலத்தில் கம்பெனி ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். இடுகாட்டில் நாலு வார்த்தை பேசும்படி என் கணவரைக் கேட்டார்கள். அவர் முன்னால் வந்து நின்றார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கும்பிட்டுவிட்டுப் பின்னால் போய் நின்றார். அவர் கூட்டத்தில் பேச வராமல் நின்றதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். வெளிநாடு போகலாமா என்று அதற்கப்புறம் நான் கேட்டபோது எங்கே, எதற்கு என்றுகூட அவர் கேட்கவில்லை. "போலாம்" என்றார்.

அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி வைத்த கட்டடம் எழும்புகிறதாம். கம்ப்யூட்டர் ஆபீஸ் வரப்போகிறது என்று நாத்தனார் சொன்னாள். அவள் வீட்டுத் தெருவில் எல்லா வீட்டுக்கும் போன் வந்துவிட்டது. அவளுக்குத்தான் இன்னும் வரவில்லை.

6

நிர்மலாவின் பள்ளியில் நாடாளுமன்றத்தைப் பார்க்கக் கூட்டிப்போவதாகவும், துணைக்குச் சில பெற்றோர் வேண்டும் என்றும் சொன்னார்கள். நான் லீவு போட்டேன். சும்மாதான் அவரையும் கேட்டேன். பள்ளி விஷயம் எதற்கும் வராதவர், "வரேன்" என்றார். சட்டையை அவரே இஸ்திரி போட்டுக்கொண்டார். நிர்மலாவுக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. ஆனாலும் பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தேன்கூடு மாதிரி வட்டமாக ஒரு கட்டடம், பக்கத்தில் பழைய கல் கட்டடம். காற்று ஆளைத் தள்ளியது. ஒரு பெண்மணி பிள்ளைகளுக்கு விதிகளைச் சொன்னார். பேசக்கூடாது, கைதட்டக்கூடாது, கைப்பிடிச் சுவரில் சாயக்கூடாது. என் கணவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

கீழே பாதி இருக்கைகள் காலி. மின்சாரக் கட்டணத்தைப் பற்றி முதலில் பேசினார்கள். பிறகு டெலிபோன். அரசு தொலைக்காட்சியை விற்பதா வேண்டாமா என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் ஏதோ கிண்டல் செய்ய, எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்த உறுப்பினர் நிதானமாக, தெளிவாகப் பேசினார். தொழில்நுட்பம் மாறுகிறது, சில வேலைகள் போகத்தான் போகும், அந்த ஆட்கள் வேறு வேலை தேடிக்கொள்வார்கள், இதில் யார்மேலும் தப்பு இல்லை என்று சொன்னார். கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. சபாநாயகர் கடிகாரத்தைப் பார்த்து, நேரம் முடிகிறது என்றார்.

என் பக்கத்து இருக்கை மடிந்து மேலே போன சத்தம் கேட்டது.

"ஐயா! ஒரு நிமிசம்யா!"

அந்தக் குரலை நான் எட்டு வருஷமாகக் கேட்கவில்லை. சபை முழுக்க அண்ணாந்து பார்த்தது.

"நம்ம மேட்டரு இன்னும் வரலய்யா! அதுக்குள்ள பாஸ் பண்ணாதீங்க! எங்களைப் பத்தி ஒரு வார்த்த பேசுங்க! ஆளுங்க வாசல்ல நின்னுகினு கீறாங்க! இன்னா சொல்றது நான் அவுங்களுக்கு?"

பாதி அவருடைய பேச்சு, பாதி பொன்னுரங்கம் அண்ணனுடையது. காவலர்கள் வந்தார்கள். அவர் திமிறவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட ஆள் மாதிரி அவர்களோடு நடந்தார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் நிர்மலாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

தாழ்வாரத்தில் பெரிய காவலர் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு குனிந்து, "உன் அப்பா என்ன சொன்னார், கண்ணா?" என்று நிர்மலாவைக் கேட்டார்.

அவள் ஷூவைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாது" என்றாள் ஆங்கிலத்தில். "அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது."

அந்த அளவு ஆங்கிலம் என் கணவருக்குப் புரியும். டம்ளரை வாயிலிருந்து எடுத்தார்.

நான் சொன்னேன். ஆட்கள் வாசலில் காத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களைப் பற்றிப் பேசுங்கள் என்று சொன்னார் என்றேன். காவலர் முகம் மாறியது. ஏதோ போராட்டம் என்று நினைத்துவிட்டார். கையிலிருந்த வயர்லெஸ்ஸில் யாரிடமோ விசாரித்தார். ஜன்னலுக்குப் போய்த் திரையை விலக்கி வாசலைப் பார்த்தார். அங்கே கொடிக்கம்பத்தில் கயிறு அடித்துக்கொண்டிருந்தது.

"வெளியே யாரும் இல்லையே, மேடம்" என்றார்.

"இல்லை" என்றேன்.

ஒரு காகிதத்தில் பேர், விலாசம் எழுதிக்கொண்டு, மறுபடி மாடத்துக்குப் போகக்கூடாது என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. போலீஸ் வரவில்லை.

7

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அவர் ரேடியோவைப் போடுவதை நிறுத்திவிட்டார். அது போனால் போகட்டும். எனக்கு நிர்மலாமேல்தான் ஆற்றாமை. பெற்ற அப்பாவை ஊரார் முன்னால் தெரியாதவர் மாதிரி ஆக்கிவிட்டாளே என்று நெஞ்சு எரிந்தது. தலை பின்னும்போதுகூட நான் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை.

போன சனிக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தோம். அவளே ஆரம்பித்தாள். எங்கள் பேச்சு இப்போது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். வந்த புதிதில், பிள்ளை வகுப்பில் பின்தங்குகிறாள், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்று டீச்சர் சொன்னார். நான் என் ஓட்டை ஆங்கிலத்தை அவளோடு பேசிப் பேசித்தான் வளர்த்தேன்.

"அம்மா, அன்றைக்கு அப்பா என்ன சொன்னார்?"

"உனக்குத் தெரியாதா?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"தெரியாதும்மா. அதைத்தான் அந்தக் காவலரிடம் சொன்னேன்." அவள் கண் நிறைந்துவிட்டது. "நான் வெட்கப்பட்டுப் பொய் சொன்னதாக நினைக்கிறீர்கள். இல்லை. 'ஐயா' என்பது மட்டும்தான் புரிந்தது. மற்றது ஒரு வார்த்தையும் புரியவில்லை. நான் கவனமாகத்தான் கேட்டேன்."

நான் கையிலிருந்த சட்டையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பிடு, குளி, தூங்கு, கதவைச் சாத்து. இவ்வளவுதான் அவளிடம் இருக்கிற தமிழ். வாசல் கூட்டத்தில் பேசுகிற தமிழை அவர் இந்த வீட்டில் ஒரு நாளும் பேசியதில்லை. அவளுக்கு எங்கிருந்து புரியும்?

அவர் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்ல முயற்சி செய்தேன். ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள் என்றேன். எந்த ஆட்கள் என்றாள். அம்பத்தூர் என்றேன். ரிலே என்றேன். பொன்னுரங்கம் மாமா என்றேன். என் ஆங்கிலத்தில் அது ஏதோ மெஷினில் கால் போன ஒருவரின் கதையாகிவிட்டது. அவள் பொறுமையாகக் கேட்டாள். "பாவம்" என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொன்னாள். சிநேகிதியிடமிருந்து போன் வந்தது, எழுந்து போனாள்.

சாயங்காலம் அவர் சமையல்கட்டுக்கு வந்து நின்றார்.

"பாப்பா ஏதோ அழுதுச்சே. என்னா சொன்னா?"

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு அவளுக்கு வெட்கமா போச்சாம்ங்க. அதான் தெரியாதுன்னு சொல்லிட்டாளாம்" என்றேன்.

அவர் மூச்சு விட்டது கேட்டது. "அதான், நெனச்சேன். சின்னப் பொண்ணு. எங்கப்பா அழுக்கு பனியனோட ஸ்கூலுக்கு வந்தப்ப நானும் யாரோ மாதிரி நின்னவன்தான். வெட்கம்தானே, பெரியவளானா போயிடும்."

"ஆமா. போயிடும்."

தட்டுகளை எடுத்து வைத்தார். அறைப் பக்கம் திரும்பி, "நிர்மலா, சாப்பிட வாம்மா" என்று கூப்பிட்டார்.

"வரேன்ப்பா" என்று தமிழில் பதில் வந்தது.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா" என்றார்.